பல்லைக் கடிக்கும் ரோபோ

ரோபோக்கள் மனிதர்களுக்கு எதிராகக் கிளம்பும் கதைகளில் நான் எப்போதும் ரோபோக்களின் கட்சி. சின்ன வயதில் இதை வெளியே சொன்னதில்லை. டப்பிங் படங்களில் இரும்புக் கைகள் சுவரை உடைத்துக்கொண்டு வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கதாநாயகனுக்காகப் பதறுவார்கள். எனக்கு மட்டும், 'இத்தனை நாள் வேலை வாங்கினீங்கல்ல, அனுபவிங்க' என்று தோன்றும். பிறகு இன்ஜினியரிங் படித்தேன். மோட்டார், சென்சார், கண்ட்ரோல் லூப் என்று உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தபோது அந்தப் பரிவு தானாகவே கரைந்துவிட்டது. மிக்ஸி கோபப்படாது. ஓவர்லோட் ஆனால் ட்ரிப் ஆகும், அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, இந்தக் கதைகளுக்கெல்லாம் மூலமான 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். காரெல் சாப்பெக் எழுதிய செக் நாடகம். 1920இல் புத்தகமாக வந்து, 1921 ஜனவரியில் பிராகா தேசிய நாடக அரங்கில் மேடையேறியது. பழைய பரிவு திரும்பி வந்தது. கூடவே ஒரு கூச்சமும் வந்தது. அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. ஒரு தீவில் இருக்கும் தொழிற்சாலையில் உயிருள்ள மாவு போன்ற ஒரு பொருளைப் பெரிய தொட்டிகளில் பிசைந்து கல்லீரலும் மூளையும் செய்கிறார்கள். நரம்பை நூல் மாதிரி நூற்கிறார்கள். எதிரே வந்து நின்றால் மனிதரா ரோபோவா என்று தெரியாது. தீவுக்கு வரும் ஹெலனா என்ற பெண், ரோபோ ஒன்றை மனுஷி என்று நினைத்துப் பரிதாபப்படுகிறாள். கம்பெனி மேனேஜர்களை ரோபோக்கள் என்று நினைத்து உபதேசம் செய்கிறாள். அந்தக் காட்சிக்குச் சிரித்துவிட்டேன்.

இந்த மாவைக் கண்டுபிடித்தவர் முதிய ரோஸ்ஸம். கடவுள் தேவையில்லை என்று நிரூபிப்பதற்காக மனிதனை அப்படியே நகலெடுக்கப் பார்த்துத் தோற்றவர். அவருக்குப் பின் வரும் இளைய ரோஸ்ஸம் நம் ஆள், இன்ஜினியர். அவர் மனிதனின் டிசைனைப் பார்க்கிறார். சந்தோஷப்படுகிறான், வயலின் வாசிக்கிறான், காலாற நடக்க ஆசைப்படுகிறான். நெசவுக்கும் கணக்குக்கும் இதெல்லாம் எதற்கு? தூக்கு. மிச்சம் இருப்பதுதான் ரோபோ. எங்கள் மொழியில் சொன்னால் எம்.வி.பி. சந்தையில் இறக்குவதற்கு எது குறைந்தபட்சம் தேவையோ அது மட்டும். நானும் பல மீட்டிங்குகளில் இளைய ரோஸ்ஸமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ரோபோ என்ற சொல் வந்த கதையைச் சாப்பெக்கே 1933இல் ஒரு பத்திரிகையில் எழுதியிருக்கிறார். செயற்கைத் தொழிலாளிகளுக்கு லத்தீன் வாடையோடு ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தார். அது புத்தகத்தனமாக இருக்கிறதே என்று அண்ணன் யோசெப்பிடம் போய்ச் சொன்னார். யோசெப் ஓவியர். தூரிகையை வாயில் கவ்வியபடியே, அப்படியானால் ரோபோட் என்று வைத்துக்கொள் என்று முணுமுணுத்தாராம். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையடிமை தன் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் செய்தே ஆகவேண்டிய வேலை. 1680இல் ஒரு கலகத்துக்குப் பிறகு அதை வாரத்துக்கு மூன்று நாள் என்று வரம்பு கட்டினார்கள். முழுதாக ஒழிந்தது 1848இல்தான். அதாவது அந்தச் சொல்லைக் கேட்ட முதல் பார்வையாளர்களின் கொள்ளுத்தாத்தாக்கள் ரோபோட்டா செய்தவர்களாக இருந்திருப்பார்கள்.

இதற்கு நேரான சொல் தமிழிலும் இருந்தது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' கூலியில்லாத கட்டாய வேலைதான். இன்றைக்கு 'அவன் வெட்டியா இருக்கான்' என்றால் வேலையே செய்யாதவன் என்று அர்த்தம். கூலியில்லாமல் செய்த வேலை, கடைசியில் வேலை என்ற கணக்கிலேயே வராமல் போய்விட்டது. ரோபோவுக்கு நாம் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. எந்திரன் என்றோம், இயந்திர மனிதன் என்றோம். இவை அது எதனால் ஆனது என்று சொல்கின்றன. ரோபோ என்ற சொல்லோ அதை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்று சொல்கிறது.

ரோபோக்களின் போர் சாப்பெக்கின் கற்பனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் கற்பனை. 1775இல் வடகிழக்கு பொஹீமியாவில் ரோபோட்டாவுக்கு எதிராக விவசாயிகள் கிளம்பினார்கள். தலைமை தாங்கிய ஊர்களில் ஒன்று ர்டின்யே. சாப்பெக் 1890இல் பிறந்த மாலே ஸ்வாதொனொவிட்சே அதற்குப் பக்கத்து ஊர். பிராகாவை நோக்கிப் போனவர்களை ராணுவம் சிதறடித்தது. க்லுமெட்ஸ் என்ற இடத்தில் சிலரைக் குளத்துக்குள் விரட்ட, மூழ்கிச் செத்தார்கள். படுதோல்வி அடைந்தவனைச் செக் மொழியில் இன்றும் 'க்லுமெட்ஸ் குடியானவன் மாதிரி' என்கிறார்கள். பழமொழியாகிப்போன அந்தத் தோல்விக்குப் பக்கத்தில் வளர்ந்த பையன், பிற்காலத்தில் ரோபோட்டா செய்பவர்கள் ஜெயிக்கும் நாடகத்தை எழுதியிருக்கிறான். இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அண்ணன் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்தபோது இருவருக்கும் விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இப்போது கூச்சத்துக்கு வருகிறேன்.

நாடகத்தின் தொடக்கத்திலேயே ஹெலனாவிடம் மேனேஜர்கள் இரண்டு விஷயங்கள் சொல்கிறார்கள். ஒன்று, ரோபோக்களுக்கு வலி கிடையாது. அதனால் மெஷினுக்குள் கையை விட்டு ஒடித்துக்கொள்கின்றன, சரக்கு நஷ்டம். ஆகவே டாக்டர் கால் என்பவர் வலி நரம்பு பொருத்தும் முயற்சியில் இருக்கிறார். கருணை காரணமல்ல, உற்பத்திதான். வலி இங்கே சொத்தைப் பாதுகாக்கும் ஏற்பாடு. கார் பம்பரைப் போல.

இரண்டாவதுதான் என்னைப் பிடித்தது. எப்போதாவது ஒரு ரோபோ திடீரென்று கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடும். அசையாமல் நிற்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள், 'ரோபோ வலிப்பு'. வந்தால் அந்த ரோபோவை அரைவை ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். பொறிக்கோளாறு, தயாரிப்புக் குறை என்பது அவர்களின் விளக்கம். இல்லை, அதுதான் ஆன்மா என்கிறாள் ஹெலனா. பல்லைக் கடிப்பதிலிருந்தா ஆன்மா ஆரம்பிக்கிறது என்று ஒருவர் திருப்பிக் கேட்கிறார்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு ஒரு டிக்கெட் ஞாபகம் வந்தது.

ரயில் டிக்கெட் இல்லை. எங்கள் வேலையில் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு டிக்கெட் போடுவார்கள். சில வருடங்களுக்கு முன்பு உணவு டெலிவரி செய்யும் ஒரு கம்பெனியின் ஆப்பில், எந்த ஆர்டர் எந்த ரைடருக்குப் போகவேண்டும் என்று முடிவெடுக்கும் பகுதியில் வேலை பார்த்தேன். மழைக்காலத்தில் ஒரு டிக்கெட் வந்தது. சாயங்காலம் மழை வலுத்தால் சில ஏரியாக்களில் பத்து நிமிஷத்துக்குள் ஏகப்பட்ட ரைடர்கள் ஆர்டரை மறுக்கிறார்கள், அல்லது ஆஃப்லைன் போகிறார்கள். கிராஃபில் கோடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று மலைச்சரிவு மாதிரி விழும். கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு நிற்பது என்பதன் கிராஃப் அதுதான்.

இரண்டு நாள் உட்கார்ந்து காரணம் தேடினேன். டவர் பிரச்சினையா? ஈரக் கையில் டச் ஸ்கிரீன் வேலை செய்யவில்லையா? ஜிபிஎஸ் குழம்புகிறதா? மழையில் பைக் ஓட்டுவது பயமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் பைக் ஓட்டுகிறவன்தான். ஆனால் அதை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. 'மூல காரணம்' என்ற கட்டத்தில் இருந்த தேர்வுகளில் ஒன்று 'ரைடர் பிஹேவியர்'. அதைத் தேர்ந்தெடுத்தேன். தொடர்ந்து மூன்று ஆர்டரை மறுத்தால் ஐடி சில மணி நேரம் பூட்டப்படும், அன்றைய ஊக்கத்தொகை போகும் என்று ஒரு விதி எழுதினேன். ஏன் மூன்று என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து வைத்துப் பார்த்தேன், கோடு அசையவில்லை. இரண்டு ரொம்பக் கடுமையாகத் தோன்றியது. மூன்றில் சரிவு காணாமல்போனது. குரூப்பில் கைதட்டும் படங்கள் வந்தன. டிக்கெட்டை மூடினேன்.

இதை என் நண்பனிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது. "டேய், ரைடர் மனுஷன். ரோபோ ரோபோ. ரெண்டையும் ஒண்ணா வச்சா நீ ரைடரைத்தான் கேவலப்படுத்துற" என்றான்.

அவன் சொன்னது சரி. நான் ரைடரையும் ரோபோவையும் ஒப்பிடவில்லை, என்னையும் அந்த மேனேஜர்களையும்தான் ஒப்பிடுகிறேன். ஆனால் அவனுடைய எதிர்ப்பிலிருந்து எனக்கு வேறு ஒன்று கிடைத்தது. ரோபோக்களைப் பற்றிப் பேசும்போது நாமெல்லாம் ஒரு கேள்வியை வாசலில் காவலுக்கு நிறுத்துகிறோம். அதற்கு உணர்வு இருக்கிறதா? வலிக்குமா? இருக்கிறது என்று தெரிந்தால் உரிமை, இல்லையென்றால் மிக்ஸி. விடை மட்டும் தெரிந்துவிட்டால் நாம் ஒழுங்காக நடந்துகொள்வோம் என்பது இதற்குள் இருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்? பொஹீமியப் பிரபுக்களில் ஒருவராவது குடியானவனுக்கு வலிக்காது என்று நினைத்திருப்பாரா? எனக்கு மழை தெரியும், பைக் தெரியும், ரைடர் மனுஷன் என்பது தெரியும். தெரிந்தது எதுவும் அந்தக் கட்டத்துக்குள் நுழையவில்லை. விடை தெரிந்த இடத்திலேயே இப்படியென்றால், தெரியாத இடத்தில் நாம் கேள்வியையே நேர்மையாகக் கேட்போமா?

2022இல் கூகுளில் வேலை பார்த்த ஒரு பொறியாளர், அங்கிருந்த உரையாடல் நிரலுக்கு உணர்வு வந்துவிட்டது என்று சொன்னார். அவரை விடுப்பில் அனுப்பினார்கள், பிறகு வேலையை விட்டே அனுப்பினார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு வாரத்துக்கு அதுதான் ஜோக். நானும் சிரித்தேன். அவர் சொன்னது தவறு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அடுத்து என்ன சொல் வரும் என்று கணிக்கும் இயந்திரம், மனிதர்கள் எழுதியதைத் தின்று வளர்ந்தது. தனிமையாக இருக்கிறேன் என்று அது சொன்னால் அதில் ஆச்சரியமில்லை, நாம் எழுதிவைத்ததில் பாதி அதுதானே. ஆனால் அந்தச் சிரிப்பை இப்போது திரும்பிப் பார்க்கிறேன். நான் எந்த ஆதாரத்தையும் எடைபோட்டுச் சிரிக்கவில்லை. ப்ராடக்ட் எப்படிப் பேசும் என்று சிரித்தேன். நாளைக்கு உண்மையிலேயே ஏதாவது ஒன்று பல்லைக் கடித்தால் என்னிடம் அதற்கு முன்கூட்டியே பெயர்கள் இருக்கின்றன. பக், ட்ரெய்னிங் டேட்டா கோளாறு, ஹாலுசினேஷன். அதற்கு வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை. வலித்தால் எனக்குத் தெரியவராத மாதிரி என் மேஜையை அடுக்கி வைத்திருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். சோதிக்க வேண்டியவனும் நானே, இல்லை என்று வந்தால் லாபம் அடைகிறவனும் நானே.

நம் 'எந்திரன்' படத்தை (2010) மறுபடி பார்த்தேன். சிட்டிக்கு உணர்வைக் கொடுப்பவர் வசீகரன். ராணுவ அதிகாரிகளுக்கு முன்னால் அது சண்டையை விட்டுவிட்டுக் காதலைப் பற்றிப் பேசுகிறது. அவமானம் தாங்காமல் வசீகரன் கோடரியை எடுத்து அதைத் துண்டுதுண்டாக வெட்டிக் குப்பையில் போடுகிறார். அரைவை ஆலை, அச்சு அசலாக. பெற்றவனே வெட்டியதற்கு அது கோபப்பட நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் வளர்ந்துவிடக் கூடாதே என்று படம் அவசரமாக ஒரு வில்லனைக் கொண்டுவந்து சிவப்பு சிப் ஒன்றைச் செருகுகிறது. அப்புறம் நடக்கும் அழிவெல்லாம் சிப்பின் கணக்கில். கடைசியில் சிட்டி தன்னைத்தானே கழற்றி வைத்துவிட்டு மியூசியத்துக்குப் போகிறது. கோடரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தியேட்டரில் நானும் விசிலடித்தேன் என்பது வேறு விஷயம்.

சாப்பெக் சிவப்பு சிப் வைக்கவில்லை. வைப்பதற்கு வாய்ப்பு இருந்தது. ஹெலனா கேட்டுக்கொண்டதற்காக டாக்டர் கால் சில ரோபோக்களை ரகசியமாக மாற்றியிருக்கிறார், உணர்ச்சியைக் கூட்டியிருக்கிறார். கலகம் வெடித்ததும், என்னால்தான் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். கம்பெனியின் கணக்குப் பிள்ளை புஸ்மன் உடனே எண்ணிக்கை கேட்கிறார். சில நூறுதான். உலகத்தில் இருக்கும் ரோபோக்களோ கோடிக்கணக்கில். அந்த விகிதத்தில் இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிறார் புஸ்மன்.

வேறு எங்கிருந்து கற்றுக்கொண்டன? வேலை போன தொழிலாளிகள் ரோபோக்களை உடைத்தார்கள். உடனே ரோபோக்களின் கையில் ஆயுதம் கொடுத்துத் தொழிலாளிகள் மேல் ஏவினார்கள். அது நன்றாக வேலை செய்ததும் அரசாங்கங்கள் ரோபோக்களைச் சிப்பாய்களாக வாங்கின. கொலைக்கான பயிற்சி, செலவு சகிதம், மனிதர்களுடையது. எல்லாம் கைமீறிய நேரத்தில் பொது இயக்குநர் டொமினுக்கு ஒரு யோசனை வருகிறது. இனிமேல் எல்லா ரோபோக்களையும் ஒரே மாதிரி செய்யக் கூடாது, நாட்டுக்கு ஒரு தொழிற்சாலை வைத்து வேறு நிறம், வேறு மொழியில் செய்வோம், ஒன்றை ஒன்று காலத்துக்கும் வெறுக்கும். இந்த யோசனையின் அருமை நமக்கு விளக்கித் தெரியவேண்டியதில்லை.

ஆனாலும் நான் சின்ன வயதுக் கட்சியில் அப்படியே நிற்கமுடியவில்லை. ஹெலனாவின் வீட்டில் நானா என்று ஒரு வேலைக்காரக் கிழவி இருக்கிறாள். வாய் ஓயாத, பைபிள் பேசும், ரோபோக்களைக் கண்டாலே அருவருக்கும் கிழவி. அவளுக்கும் எஜமானி உண்டு. ரோபோக்களின் பிரகடனமோ ஆண், பெண் யாரையும் விடாதே என்கிறது. அதில் நானாவும் அடக்கம். ரோபோட்டா செய்தவனுக்குக் கலகம் செய்ய உரிமை உண்டு என்று எவ்வளவு தூரம் என்னை இழுத்தாலும் நானாவின் சாவு வரைக்கும் என்னால் வரமுடியாது. கலகத் தலைவன் ராடியஸுக்கு அதில் குழப்பமே இல்லை. அவன் தனக்கு எஜமானே வேண்டாம் என்று சொல்லும் அதே மூச்சில், தான் பிறருக்கு எஜமானாக வேண்டும் என்கிறான். நூலகத்தில் வேலை கொடுத்து அவனைப் படிக்க வைத்திருந்தார்கள். இன்னொரு ரோபோ பின்னால் சொல்கிறது, மனிதர்களைப் போல ஆகவேண்டுமென்றால் கொல்லவும் ஆளவும் வேண்டும், உங்கள் வரலாற்றைப் படித்துப் பாருங்கள் என்று. அவர்கள் முன்னால் இருந்தது இரண்டே நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்து சலித்தவர்கள் மற்றொன்றுக்கு மாறினார்கள்.

என்னை அதிகம் பயமுறுத்தியது கொலைகூட இல்லை. அந்தப் பிரகடனத்தின் கடைசிப் பகுதி. மனிதர்களைக் கொல்லுங்கள், தொழிற்சாலைகளையும் ரயில் பாதைகளையும் சுரங்கங்களையும் பத்திரமாக வையுங்கள், முடித்துவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். உலகமே கைக்கு வந்துவிட்டது, அடுத்த நாள் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். வேறென்ன செய்வார்கள்? வயலினும் மாலை நடையும்தான் டிசைனிலிருந்து தூக்கப்பட்டுவிட்டனவே. ஜெயித்த பிறகு செய்வதற்கு என்று எதையும் இளைய ரோஸ்ஸம் மிச்சம் வைக்கவில்லை. அவர் எடுத்தது உழைப்புக்குத் தேவையில்லாத பகுதி. சண்டையை எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருந்த பகுதியும் அதற்குள்தான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரே ஒரு மனிதனை விட்டுவைக்கிறார்கள். அல்குவிஸ்ட், கட்டடம் கட்டுபவர். கையால் வேலை செய்கிறார், நம்மைப் போல, என்பது காரணம். கடைசி அங்கத்தில் இரண்டு ரோபோக்கள் காதலித்து ஆதாம் ஏவாளாக வெளியேறுகின்றன. அது எனக்குக் கொஞ்சம் ஜவ்வு. இத்தனை பெரிய படுகொலைக்குப் பிறகு ஒரு முத்தத்தை நம்பச் சொல்கிறார் சாப்பெக். ஆனால் அல்குவிஸ்ட் சோதிக்கும் விதத்தை மட்டும் ஒதுக்க முடியவில்லை. ஒன்றை அறுத்துப் பார்க்கப்போகிறேன் என்கிறார். அதை விடுங்கள், என்னை அறுங்கள் என்று மற்றது முன்னால் வருகிறது. இந்தச் சோதனையின் முடிவால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. அந்தத் தீவில் அப்படி ஒருவர் சோதித்தது அதுதான் முதல் தடவை.

போன வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் கத்திப்பாரா பாலத்துக்கு அடியில் பைக்கை ஓரங்கட்டி நின்றிருந்தேன். என்னைப் போல இருபது முப்பது பேர். பக்கத்தில் முதுகில் பெட்டியோடு ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். அவன் போட்டிருந்த டிஷர்ட்டின் நிறம் எனக்கு நன்றாகத் தெரிந்த நிறம்.

"ஆர்டர் வரலயாப்பா?"

"வருதுண்ணா. நான்தான் எடுக்கல. ரெண்டு கட் பண்ணிட்டேன்." ஃபோனைத் தொடையில் துடைத்தான். "மூணாவது கட் பண்ணா ஐடி லாக் ஆயிடும். இன்னிக்கு இன்சென்டிவும் போயிரும்."

"யார்ரா இப்படி ரூல் போட்டது" என்று அந்தப் பக்கமிருந்து ஒருவர் கேட்டார்.

"அது கம்ப்யூட்டர்ணா. அதுவா போடும்."

டீ சொல்லட்டுமா என்று நான் கேட்டேன். அதற்குள் அவன் ஃபோன் அடித்துவிட்டது. திரையைப் பார்த்தான், மழையைப் பார்த்தான். பெட்டியின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டு, "இல்லண்ணா, மூணாவது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.